காய் எந்த விரல்?

மரியாதை ஒரு மனிதனை மூச்சுத் திணற வைக்குமா? அறுபதுகளின் பிற்பகுதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அமராவதிபுதூருக்கு அருகே முப்பதடித் தண்ணீருக்கு அடியில், என் மேலதிகாரி ஒருவருக்கு அது ஏறக்குறைய நேர்ந்துவிட்டது. அவருக்குத் தீங்கு நினைத்தவர் எவருமில்லை. நாங்கள் எல்லாரும் அவரிடம் மிகுந்த மரியாதையோடு நடந்துகொண்டோம். ஆபத்து அந்த வழியாகத்தான் வந்தது.

நான் பணியாற்றிய ஆய்வுக்கூடத்தின் இளைஞர்கள் சிலர் அண்மையில் என்னைப் பார்க்க வந்திருந்தார்கள். விடுமுறை நாள்களில் கடலுக்கடியில் நீந்தி வருகிறவர்கள். அவர்களுள் ஒருவர், "உங்க காலத்துல சிலிண்டர்ல காத்து எவ்வளவு மிச்சம்னு எப்படி சார் பாப்பீங்க?" என்று கேட்டார். "பார்க்க முடியாது" என்றேன். வேடிக்கைக்குச் சொல்வதாக நினைத்துச் சிரித்தார்கள். அவர்கள் சிரித்து முடித்தபின் சொல்லத் தொடங்கியதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

வேதியியலில் பட்டம் பெற்று, ஒக்கூரிலிருந்து காரைக்குடிக்கு வேலைக்கு வந்தவன் நான். கடல்நீரில் கிடக்கும் மரத்தையும் அதன்மேல் பூசும் பூச்சுகளையும் சோதிக்கும் சிறிய ஆய்வுக்கூடம் அது. சோதனைப் பலகைகள் தொண்டிக் கடலில் மூழ்கிக் கிடக்கும். அவற்றைப் போய்ப் பார்த்து வருவதற்காக வெளிநாட்டிலிருந்து நான்கு மூச்சுக் கருவிகளை வரவழைத்திருந்தார்கள். முதுகில் ஒரு சிலிண்டர், அதிலிருந்து இரண்டு ரப்பர் குழாய்கள், வாயில் கவ்விக்கொள்ள ஒரு கடிப்பு. அவற்றைப் பராமரித்துக் காற்று நிரப்பித் தருவது என் வேலையாயிற்று.

எங்களுக்குப் பயிற்சி தந்தவர் சூசை. கடற்படையில் முக்குளிப்பாளராக இருந்துவிட்டு, தொண்டியிலிருந்த எங்கள் கடல் நிலையத்துக்கு மேற்பார்வையாளராக வந்தவர். உரத்துப் பேசமாட்டார். தவறு செய்தால் திட்டமாட்டார், கேள்வி கேட்பார். கேள்வியிலும் 'செய்றீக', 'போறீக' என்று மரியாதை போட்டுத்தான் பேசுவார் என்பதால் இரண்டு மடங்கு வலிக்கும். முதல் நாள், இடுப்பளவு தண்ணீரில் இருவர் உட்கார்ந்து ஒரே கடிப்பை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு, ஆளுக்கு இரண்டு மூச்சு எடுக்கச் சொன்னார். என்னுடன் உட்கார்ந்தவர் தந்த கடிப்பை நான் சட்டையில் துடைத்தேன்.

"என்ன ராமநாதன், தொடைக்கிறீக? கீழ போயி அவருகிட்ட துண்டும் கேப்பீகளோ?" என்றார் சூசை.

அன்றோடு எச்சில் என்ற எண்ணம் எங்களிடமிருந்து கழன்று போயிற்று. ஒவ்வொரு வாரமும் அதையே செய்யச் சொன்னார். மூன்றாவது மாதத்தில், கண்ணை மூடிக்கொண்டும் பிறர் கடிப்பை வாங்கி மூச்செடுத்துத் திருப்பித் தரும் அளவுக்கு எங்கள் கைகள் பழகிவிட்டன.

இளைஞர்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். எங்கள் சிலிண்டரின் பக்கத்தில் ஒரு கம்பி இருக்கும். அது மேலே இருக்கும்வரை கடைசிப் பங்குக் காற்று பூட்டிக் கிடக்கும். கீழே நீந்திக்கொண்டிருக்கையில் மூச்சு இழுப்பது கடினமானால் முதற்பங்கு தீர்ந்தது என்று பொருள். உடனே கம்பியைக் கீழே இழுக்க வேண்டும். பூட்டிய காற்று திறக்கும். கரையேற அது போதும். ஆனால் ஏதாவது வாரில் சிக்கிக் கம்பி முன்பே இறங்கியிருந்தால், அந்தக் கடைசிப் பங்கும் நம்மை அறியாமல் செலவாகிக்கொண்டே வரும். பிறகு முன்னறிவிப்பு கிடையாது. கம்பி முதுகுப் பக்கம் இருப்பதால் அவரவர் தாமே பார்த்துக்கொள்ளவும் முடியாது. ஜோடியாக இறங்குகிறவர்தான் பார்க்க வேண்டும். "பாத்தேன்னு சொல்லாதீக. தொட்டேன்னு சொல்லுங்க" என்பார் சூசை. கம்பியின் நுனியைக் கையால் பிடித்து, அது மேலே நிற்பதை விரலால் உணர்ந்து, "தொட்டேன்" என்று உரக்கச் சொன்ன பிறகே ஒருவர் தண்ணீரில் கால் வைக்கலாம்.

பயிற்சி முடிந்தும் எங்களுக்கு ஆசை அடங்கவில்லை. அமராவதிபுதூர்ப் பக்கம் செம்புரான்கல் வெட்டியெடுத்த பெரிய பள்ளம் ஒன்று இருந்தது. மழைக்காலத்தில் செக்கச் சிவந்து கிடக்கும் அதன் தண்ணீர், தை பிறந்ததும் தெளிந்துவிடும். உரிமையாளர் சாகுல் பாய். காரைக்குடியில் சைக்கிள் கடை வைத்திருந்தவர். அனுமதி கேட்கப் போனபோது, "பள்ளம் என்னுது, தண்ணி அல்லா குடுத்தது. ஆனா ஒரு கண்டிசன் தம்பி, எனக்கும் கத்துத் தரணும்" என்றார். நாற்பதைத் தாண்டியவர், நல்ல தொந்தி. எவ்வளவு ஈயக்கட்டி கட்டினாலும் தக்கை மாதிரி மேலே வந்து நிற்பார். "பாய்க்கு ஈயம் பத்தாது, கடையில உள்ள சைக்கிளையெல்லாம் சேத்துக் கட்டுங்க" என்று கரையில் ஒரே சிரிப்பாக இருக்கும். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

ஞாயிறுதோறும் பத்துப் பேர் கூடினோம். ஆய்வுக்கூடத்தின் அறிவியலாளர்கள், எடுபிடி வேலை பார்ப்பவர்கள், ஒரு பள்ளி ஆசிரியர், சாகுல் பாய். கருவிகளைக் கொண்டுபோக, 'தொடர்பயிற்சி' என்ற பெயரில் இயக்குநர் அனுமதி தந்திருந்தார். யார் யாருடன் இறங்குவது என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிப்போம். பாயின் வீட்டிலிருந்து கீழக்கரைத் தொதல் இனிப்பு வரும் தகர டப்பாதான் குலுக்கும் பாத்திரம். டப்பா காலியாக வேண்டும் என்பதற்காகவே தொதலை முதலில் தின்றுவிடுவோம். சீட்டில் யார் பெயர் வந்தாலும் மறுப்பு கூடாது. தண்ணீருக்குள் 'சார்' கிடையாது என்பது எங்கள் சட்டம். கண்ணாடியில் பனி படியாமலிருக்க அதில் துப்பித் தேய்ப்போம். துப்பத் தயங்கும் புதியவருக்குப் பக்கத்திலிருப்பவர் தாமாகவே துப்பித் தந்துவிடும் அளவுக்கு அங்கே நெருக்கம் இருந்தது. ஏறியதும் டீ. டீயோடு, கீழே கண்டதைச் சொல்ல வேண்டும். அந்த நேரத்துக்கு 'அளப்பு' என்று பெயர். சாகுல் பாய் பார்த்த விரால் மீன் வாரம் ஒரு சாண் வளர்ந்தது. "பாய், போன வாரம் முழங்கை நீளம்னீக?" என்று கேட்டால், "அதுவும் தொதல் திங்குதுல்ல" என்பார்.

அலுவலகத்தில் ஒருவருக்கொருவர் கோப்பு நீட்டுவதைத் தவிர வேறு உறவில்லாத மனிதர்கள், அந்தப் பள்ளத்தின் கரையில் ஒருவர் முதுகில் ஒருவர் வார் இழுத்துக் கட்டுவதைப் பார்க்கையில் எனக்கு ஏற்பட்ட நிறைவைச் சொல்லி மாளாது. அப்போது எனக்குச் சமூகச் சீர்திருத்த எண்ணங்கள் மிகுதி. இதை இன்னும் நம்முடையதாக ஆக்க வேண்டும் என்று தோன்றியது. கருவிகளோடு வந்த கையேட்டில் கை அடையாளங்கள் வெளிநாட்டு முறையில் இருந்தன. கட்டைவிரலைக் காட்டினால் அதில் ஒரு பொருள். எங்கள் ஊரில் அது 'ஏமாந்தாயா' என்று பழிப்பது. ஆகவே நானே தமிழில் ஒரு பட்டியல் தயாரித்துப் படியெடுத்து எல்லாருக்கும் கொடுத்தேன். அதன் முதலிரண்டு வரிகளில் எனக்குப் பெருமை அதிகம்: 'எல்லாம் சரி: பழம். கோளாறு, உதவி தேவை: காய்.' குழந்தைகள் சண்டையிட்டால் காய் விடுவதும், சமாதானமானால் பழம் விடுவதும் யாருக்குத் தெரியாது? தண்ணீருக்கடியில் மறக்காத அடையாளம் அதுதானே?

எந்த விரல் என்று நான் எழுதவில்லை. எழுதத் தேவையில்லை என்று நினைத்தேன்.

ஓராண்டுக்கு மேலாக அந்தக் குறை வெளியே தெரியவில்லை. பழத்துக்கு எல்லாரும் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்துத்தான் நீட்டினார்கள். கோளாறு ஒன்றும் நேராததால் காய் காட்டும் தேவை யாருக்கும் வரவில்லை. துணை இயக்குநர் சீனிவாசன் ஒருவர்தான், "காய் என்றால் எப்படிக் காட்டவேண்டும்?" என்று என்னைக் கேட்டார். நாகபுரியில் வளர்ந்தவர், நம் பிள்ளைகளின் விளையாட்டு எதுவும் அறியாதவர். எங்கள் ஒக்கூர் வழக்கப்படி சுண்டுவிரலை நீட்டிக் காட்டினேன். அவர் கேட்டபோதே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை.

அந்த ஞாயிறன்று சூசை தொண்டிக்குப் போயிருந்தார். பொறுப்பு என்னிடம். டப்பாவைக் குலுக்கியதில் சீனிவாசனுக்கு ஜோடியாகக் கருப்பையா வந்தார். கல்லல் பக்கத்துக்காரர், முப்பது வயது, இரண்டு பெண் குழந்தைகளின் தகப்பன். எங்கள் கூடத்தில் ஆறு ஆண்டுகளாகத் தற்காலிக உதவியாளர். அவரை நிரந்தரமாக்கும் கோப்பு அந்த மாதம்தான் மேலே போயிருந்தது. எங்களில் அவரைவிட நன்றாக நீந்துகிறவர் இல்லை.

"ஆகா, இன்னைக்குக் கருப்பையாதான் ஆபீசரு!" என்றார் சாகுல் பாய்.

"சும்மா இருங்க பாய். எனக்கு வேற சீட்டு எடுங்க."

"சட்டம் சட்டம்தான். போப்பா, போயி ஒங்க ஐயாவ சரி பாரு."

கருப்பையா சரி பார்த்தார். ஒரு கை தூரத்தில் நின்று, இடுப்பை வளைத்து, தலையைச் சாய்த்து, துணை இயக்குநரின் முதுகைக் கண்ணால் பார்த்தார். கைகள் இரண்டையும் தம் முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தார். "சரியா இருக்கு சார்" என்றார். நான் எதிரே நின்று அதைக் கண்டேன். அவர் 'தொட்டேன்' என்று சொல்லாததையும் கேட்டேன். மேலதிகாரியின் மேல் கை வைக்கக் கூச்சப்படுகிறார், இயல்புதானே என்று விட்டுவிட்டேன். கம்பி ஏற்கெனவே வாரில் சிக்கிக் கீழே இறங்கியிருந்தது.

இருவரும் இறங்கினார்கள். கரையிலிருந்து பார்த்தால் தண்ணீரின் மேல் இரண்டு இடங்களில் குமிழிகள் கொப்பளித்துக்கொண்டே நகரும். அவற்றைக் கண்காணிப்பது கரையிலிருப்பவரின் வேலை. அரை மணி நேரம் ஆகியிருக்கும். சாகுல் பாய் விரால் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். நடுவில் நிறுத்தினார்.

"தம்பி, அங்குட்டு ஒண்ணு நின்னு போச்சே?"

ஓரிடத்தில் மட்டுமே குமிழி வந்துகொண்டிருந்தது. எழுந்து நின்றேன். இன்னொரு கருவியை மாட்ட எவ்வளவு நேரமாகும் என்று மனம் கணக்கிட்டது. ஆகும் நேரம் அதிகம். பாய் சட்டையோடு தண்ணீரில் இறங்கிவிட்டார். அவர் மூழ்க மாட்டார் என்பதுகூட அந்தக் கணத்தில் அவருக்கு நினைவில்லை. பிறகு அந்த ஒரே இடத்தில் குமிழிகள் பெருத்துக் கொதித்தன. இரண்டு தலைகள் சேர்ந்து மேலே வந்தன. இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு கடிப்பு.

சீனிவாசனைக் கரையில் உட்கார வைத்தோம். இருமி முடித்து, நிறம் திரும்பிய பின், அவர் கோபமில்லாமல் கேட்டார்: "கருப்பையா, காற்று நின்றதும் நான் காய் காட்டினேன். நீங்கள் ஏன் எனக்கு முதுகைக் காட்டினீர்கள்? உங்கள் காலைப் பிடித்து இழுத்த பிறகுதானே திரும்பினீர்கள்?"

கருப்பையா கால் விரலால் செம்மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார். எத்தனை முறை கேட்டும் வாய் திறக்கவில்லை. சாகுல் பாய் அவரைத் தனியே அழைத்துப் போய்ப் பேசிவிட்டு வந்தார். வரும்போது அவர் முகம் விநோதமாக இருந்தது.

"நான் சொல்ல மாட்டேன்னு சத்தியம் வாங்கிட்டான். ஆனா அவன் மேல தப்பில்ல தம்பி" என்று மட்டும் சொன்னார்.

செய்தி திங்கட்கிழமையே அலுவலகம் முழுவதும் பரவியது. நிர்வாக அலுவலர் என்னை அழைத்து அறிக்கை கேட்டார். கருப்பையாவின் கோப்பு அவர் மேசைமேல் திறந்து கிடந்தது. "ஆபத்து நேரத்தில் முதுகைக் காட்டிய ஆளை நிரந்தரமாக்க நான் எப்படிப் பரிந்துரைப்பது?" என்று கேட்டார். நியாயமான கேள்வியாகவே எனக்கும் பட்டது.

இரண்டு பக்கம் எழுதினேன். உண்மையைச் சொன்னால் ஞாயிற்றுக்கிழமைகள் நின்றுபோகும்; என் பணிப்பதிவேட்டிலும் கறை விழும். ஆகவே என் மொழித்திறமை முழுவதையும் பயன்படுத்தினேன். 'சரிபார்ப்பு முழுமையாக மேற்கொள்ளப்படவில்லை. அடையாளம் உரிய முறையில் புரிந்துகொள்ளப்படவில்லை.' செவ்வாயன்று தொண்டியிலிருந்து திரும்பிய சூசை அதை நின்றபடியே வாசித்தார். திரும்ப ஒருமுறை வாசித்தார்.

"யாரு மேற்கொள்ளல?" என்றார்.

அவர் விரல் வைத்த வரியை நானும் எட்டிப் பார்த்தேன்.

"தமிழ் நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுல ஆளே இல்லையே, ராமநாதன்? ஆளில்லாத எடத்துல கொண்டுபோயி யாரை நிப்பாட்டுவாக? நீங்க படிச்சவுக, நீங்களே சொல்லுங்க."

தாளை என் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அதைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன். கம்பியைத் தொடாமல் பார்த்ததை நான் கண்டேன், தடுக்கவில்லை. அடையாளப் பட்டியலை எழுதியவன் நான். சீனிவாசன் என்னிடம் கேட்ட பிறகும் எந்த விரல் என்பதை நான் அதில் குறிக்கவில்லை. ஒவ்வொரு வாக்கியத்திலும் 'நான்' என்று எழுதுவது எவ்வளவு கடினம் என்பது அன்று தெரிந்தது.

புதன்கிழமை இயக்குநர் அறையில் விசாரணை. இயக்குநர் கும்பகோணத்துக்காரர், நிர்வாக அலுவலர் திருநெல்வேலி. சீனிவாசன், நான், சூசை, குறிப்பெடுக்கத் தட்டச்சர் ரோஸ்மேரி. சாகுல் பாயைச் சாட்சியாக வரச்சொல்லியிருந்தார்கள். சுருக்கம் கலையாத வெள்ளைச் சட்டையோடு வந்திருந்தார். கருப்பையா கதவோரம் நின்றார்.

"ஏன் திரும்பினீர்கள்? சொன்னால்தான் முடிவெடுக்க முடியும்" என்றார் இயக்குநர்.

கருப்பையா ரோஸ்மேரியைப் பார்த்தார். "அந்தம்மா இருக்காக, அய்யா" என்றார்.

"எங்க அப்பா ஆரம்பப் பள்ளி வாத்தியாரு. நான் கேக்காதது இல்ல, சொல்லுங்க" என்றார் ரோஸ்மேரி, பென்சிலை எடுக்காமலே.

கருப்பையா மெல்லச் சுண்டுவிரலை உயர்த்தினார். "சார் இப்பிடிக் காமிச்சாக. பள்ளிக்கூடத்துல இத எதுக்குக் காட்டுவாக அய்யா? பெரியவுக, அவசரமின்னு கேக்குறாக. பாத்துக்கிட்டேவா நிப்பேன்? அதான் அங்குட்டுத் திரும்பிக்கிட்டேன்."

 முதலில் வெடித்தது சீனிவாசனின் சிரிப்பு. நாகபுரிப் பள்ளிகளிலும் அந்த விரலுக்கு அதே பொருள்தானாம். மூச்சு முட்டிய நேரத்தில் அது அவருக்கு நினைவுக்கு வரவில்லை. சாகுல் பாய் மேல்துண்டால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினார். "மூணு நாளா வயித்துல வச்சிக்கிட்டுத் தூங்கலைங்க" என்றார்.

இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "அப்படியானால் காய்க்கு எந்த விரல் என்று நினைத்தீர்கள், கருப்பையா?"

கருப்பையா கட்டைவிரலைக் காட்டினார். "எங்க ஊருல இதுதாங்க."

"கட்டைவிரலா? சுண்டுவிரல்தானே?" என்றேன் நான்.

"இரண்டுமில்லை. கட்டைவிரல் நகத்தை மேல்பல்லில் வைத்துச் சுண்ட வேண்டும்" என்றார் நிர்வாக அலுவலர், செய்தும் காட்டினார். அந்த அறையில் அவர் செய்த முதல் மனிதச் செயல் அதுவே. ரோஸ்மேரி இரண்டு சுண்டுவிரல்களைக் கோத்துப் பிரித்துக் காட்டினார். இயக்குநர் தம் கையையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எங்கள் தெருவில் விரலே கிடையாது. 'போடா' என்று சொல்லிவிட்டு ஓடிவிடுவோம்" என்றார்.

சிரிப்பு அடங்கியதும் சீனிவாசன் எழுந்தார். "எனக்குக் காற்றில்லை என்று உணர்ந்தவுடன் இவர் தம் கடிப்பைக் கழற்றி என் வாயில் வைத்தார். ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. அதைக் குறிப்பில் எழுதிக்கொள்ளுங்கள்" என்று ரோஸ்மேரியிடம் சொன்னார்.

அதைப் பற்றி நான் நெடுநாள் எண்ணிப் பார்த்திருக்கிறேன். முதுகைத் தொடக் கூசிய அதே கை, எச்சில் கடிப்பை அதே மனிதரின் வாயில் வைக்கக் கூசவில்லை. கடிப்பு மாற்றுவதைச் சூசை நூறு முறை செய்ய வைத்திருந்தார். சரிபார்க்கும் கையை நாங்கள் ஆளின் பதவியைப் பார்த்துப் பார்த்துத் தளர்த்திக்கொண்டே வந்திருந்தோம். காய் என்பதையோ ஒருமுறையும் செய்து பார்த்ததில்லை; தாளில் எழுதி, தெரியும் என்று நம்பியிருந்தேன்.

இயக்குநர் என் அறிக்கையை எடுத்து, "இதில் 'நான்' நிறைய இருக்கிறது. கோப்புகளில் பார்த்துப் பழக்கமில்லை" என்றார். எனக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை தந்தார். தகுதியானதுதான்.

அந்த மாதக் கடைசியில் கருப்பையாவின் பணி நிரந்தரமாயிற்று. ஞாயிற்றுக்கிழமைகள் நிற்கவில்லை, அடுத்த வாரம் முதல் கரையில் நின்று எல்லார் முதுகுக் கம்பியையும் கடைசியாக ஒருமுறை தொட்டு, இறங்கவிடும் பொறுப்பு அவருக்குத் தரப்பட்டது. முதலில் தொட்டது, அன்று தாமும் இறங்க வந்திருந்த இயக்குநருடையதை. பட்டியலிலிருந்து காயும் பழமும் போய், விரல்களின் படம் வந்தது. இறங்குமுன் ஒவ்வொருவரும் ஒவ்வோர் அடையாளத்தையும் செய்து காட்ட வேண்டும் என்றாயிற்று. நான் ஓய்வு பெறும்வரை எழுதிய எந்தச் செயல்முறைக் குறிப்பும், அதைப் பயன்படுத்தப்போகும் கடைசி ஆள் என் முன்னால் செய்து காட்டாமல் கையெழுத்துக்குப் போனதில்லை.